பச்சையாகவே நின்ற கடுகு வரிசை

செல்லக்கண்ணு ஹனூரிலிருந்து பிழைக்க வந்தவள். மைசூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் செடி வளர்க்கும் கிளாஸ் ஹவுஸில் ஆறு வருஷமாகத் தினக்கூலி. நோய் கண்ட முட்டைக்கோஸ் இலையை அரைத்து, அந்தச் சாற்றை நரநரவென்ற தூளோடு இளஞ்செடிகளின் இலையில் விரலால் தேய்ப்பதுதான் வேலை. கீறல் வழியாக வைரஸ் உள்ளே போய்விடும்; எந்தச் செடியை நோய் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் அவள் கெட்டிக்காரி. அதை அவளே சொல்லவும் செய்வாள்.

1996 ஆடியில் வம்பு வந்தது. குண்டலுபேட்டையில் பறித்த இலையின் சாறு தேய்த்த கடுகுச் செடிகளில் மஞ்சள் திட்டுகள். ஸ்ரீரங்கப்பட்டணத்து இலைச் சாற்றால் முட்டைக்கோஸுக்கு நோய் வந்தது. அதே சாறு தேய்த்த கடுகு வரிசையோ ஜம்மென்று பச்சை.

"கடுகைத் தேய்க்காமலே வீட்டுக்குப் போயிட்டே, அப்படித்தானே?" என்றார் விஞ்ஞானி மகேந்திரன். "ரெண்டு ஊர்லயும் ஒரே வைரஸ்தான். இந்த மாசத்தோட வேற வேலை பார்த்துக்கோ."

அவளுக்குச் சுருக்கென்றது. வேலை போனால் போகட்டும், பொய்க்காரி என்றல்லவா பேர்!

"நானு தேச்சேனுங்க சார். வேணும்னா நீங்களே ஒருக்கா தேச்சுப் பாருங்க."

அவரும் விடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சாற்றை இருபது புதுக் கடுகுச் செடியில் தானே தேய்த்தார். மீதியை முட்டைக்கோஸில் தடவினார். பக்கத்துக் கடுகு வரிசையில் அவள் குண்டலுபேட்டைச் சாற்றைத் தேய்த்தாள். அப்புறம் தினமும் காலையில் பையைக்கூட வைக்காமல் அங்கேதான் ஓட்டம்.

பன்னிரண்டாம் நாள் மகேந்திரன் லென்ஸோடு இலை இலையாகத் திருப்பினார். முட்டைக்கோஸில் நோய் வந்திருந்தது. அவள் வரிசை முழுக்க மஞ்சள். அவர் தேய்த்த கடுகு இருபதும் பச்சை!

"நீங்களும் தேய்க்காம வீட்டுக்குப் போயிட்டீங்களா சார்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வைரஸோட பேர்தாம்மா ஒண்ணு! ஸ்ரீரங்கப்பட்டணத்துது கடுகைப் பிடிக்கவே பிடிக்காது. உள்ள ஜீன் வேற வேறயா இருக்கணும். ஊருக்கு ஒரு ரகம் இருக்கும் போல!"

"அப்ப எங்க ஹனூர்ல எந்த ரகமுங்க?"

"யாருக்குத் தெரியும்! நாளைக்கே ஜீப் எடுக்கிறேன். இலை பறிக்க நீங்களும் வாங்க."

அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"வர்றேனுங்க. நானு பொய் சொல்லலைன்னு மொதல்ல எல்லார்த்துக்கும் சொல்லிப்போடுங்க."

மகேந்திரன் வாசலுக்குப் போனார். குழாயடியில் நின்ற வேலையாட்கள் அத்தனை பேரும் திரும்பும்படி, தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை கத்தினார்:

"செல்லக்கண்ணு சரியாத்தான் தேச்சாங்க! தப்பு என்னோடது!"