கால் விரலை ஆட்டியது யார்?

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இது எனக்கே நடந்தது. கூட இருந்தவன் பேரையும் சொல்கிறேன், அருள்முருகன்.

2007 அக்டோபர், நோன்புப் பெருநாள் லீவு. துபாய் ஜெபல் அலி லேபர் கேம்ப்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். ஆளுக்கொரு ஷிஃப்ட். லைட் போட்டால் சண்டை வரும். அதனால் நைட் டூட்டி முடித்து வருகிறவன், இருட்டிலேயே அடுத்த ஷிஃப்ட்காரனுடைய கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டுவான். அவன் எழுந்திருக்காவிட்டால் அடுத்த கட்டிலுக்குப் போவான். இது எங்கள் வழக்கம்.

அருள்முருகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் துடுப்புப் படகில் போய்க் கூடாரம் போட்டே தீரவேண்டும் என்று என் உயிரை வாங்கினான். உம்முல் குவைன் காயலில், கலீலுர் ரஹ்மான் பாயிடம் படகு வாடகைக்கு எடுத்தோம். காயல் நடுவில் இருக்கும் தீவில் தங்காமல் சாயங்காலமே திரும்பிவிடச் சொன்னார். இவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். இரவு தீவில்தான் படுத்தோம்.

மணி 3.25. மோட்டார் படகுச் சத்தம். கரைக்கு வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். படகு எதுவும் இல்லை. காற்று எங்கிருந்தோ கொண்டு வந்திருக்கும் என்று புரண்டு படுத்தேன்.

3.40. என் கட்டைவிரலை யாரோ ஆட்டினார்கள். "லீவுடா" என்று முனகி, காலை இழுத்துக்கொண்டேன்.

பிடித்த கை ஈரமாக இருந்தது...

3.46. பக்கத்தில் தடவினேன். போர்வை மட்டும் கிடந்தது.

வெளியே... சளக்... சளக்...

ஓடினேன். அருள்முருகன் காயலுக்குள் நடந்துகொண்டிருந்தான். இடுப்பளவு தண்ணீர். வரிசையில் நகர்கிறவன் மாதிரி, ஒவ்வோர் அடியாக.

கத்தினேன். திரும்பவில்லை.

மார்பளவு...

பாய்ந்து பனியனைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் விழித்தான்.

"நீதானடா எழுப்புன? எல்லாரும் ஏறிட்டாங்க, எனக்குத்தான் நிக்கிறாங்க."

எதிரே தண்ணீர் மட்டும்தான்.

விடியும்வரை அவன் கையை என் கையோடு துண்டால் கட்டி வைத்திருந்தேன். அவ்வளவு பயம் எனக்கு.

காலையில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அந்தத் தீவில் முன்பு கட்டுமான கேம்ப் இருந்ததாம். விடியுமுன் ஆட்களைப் படகில் வேலைக்குக் கொண்டுபோவார்கள். ஒருநாள் படகு கவிழ்ந்து பதினொரு பேரும் செத்துப்போனார்கள். பன்னிரண்டாவது ஆள் எழுந்திருக்காமல் தூங்கியதால் தப்பித்தான்.

"அவரு ஊருக்குப் போயிட்டாரா பாய்?" அருள்முருகன் மெதுவாகக் கேட்டான்.

பாய் இல்லை என்று தலையாட்டினார்.

"துபாய் கேம்ப்புக்கு மாத்துனாங்க தம்பி. மூணாவது மாடி ரூம். அஞ்சாம் நாள் கட்டில்லயே மவுத்தா கெடந்தாரு. நெஞ்சு பூரா உப்புத் தண்ணின்னு சொன்னாங்க."

அன்று இரவு நாங்கள் படுக்க வேண்டியதும் கேம்ப் ரூமில்தான், இருட்டில் யார் விரலை ஆட்டினாலும் தெரியாத அதே ரூமில்.