காது மெஷினில் வைத்த ஆப்பு

ஆடுகிற எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கதவு ஜன்னல் செய்கிற தச்சர். மேஜைக்கால் லேசாக அசைந்தால்கூட ஒரு மரச்சீவலைச் செருகி இறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பட்டறையில் அவருக்கு ஆப்புக்காரர் என்றே பெயர்.

ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். மெஷின் மாட்டினால்தான் பேச்சு கேட்கும். சில நாளாக அதில் ஏதோ உறுமுகிறது என்று பிள்ளை சிணுங்கினாள். வாங்கிய கடைக்கே கொண்டுபோகலாம் என்றாள் மனைவி. இவர் கேட்பாரா? திருப்புளியால் மூடியைத் திறந்தார். சத்தம் தருகிற குட்டிப் பெட்டி ரப்பர் உறைக்குள் தொளதொளவென்று ஆடியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர்போலச் சிரித்துக்கொண்டார். ஒரு துளி பசை, ஊசிமுனை அளவுக்கு ஓர் ஆப்பு. இனி அசையாது.

மாட்டியதும் மெஷின் வீலென்று கத்தியது. பிள்ளை அதைவிடக் கத்தினாள். பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்து ஒடுங்கிக்கொண்டாள்.

மெஷின் இல்லாமலே அவள் திரும்பிப் பார்க்கிற ஒரே ஓசை அப்பாவின் மரச்சுத்தியல், அந்தக் கொட்டாப்புளி. அதை எடுத்து உளித்தலையில் ஓங்கித் தட்டினார். திரும்பவில்லை. மறுபடி தட்டினார். கொஞ்சநஞ்சம் கேட்டதையும் பெற்றவனே பொசுக்கிவிட்டேனே என்று உளியைக் கீழே போட்டார். மனைவி மெஷினைப் பொறுக்கிக்கொண்டு, பிள்ளையையும் அவரையும் கடைக்கு இழுத்துப் போனாள்.

கடையில் மெஷின் பழுது பார்க்கிற பெண் பசையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"அது ஆடணும்ணே. பெட்டியோட அதிர்வு மைக்குக்குப் போயிடக் கூடாதுன்னுதான் ரப்பர்ல மிதக்க விட்டிருக்கு. ரப்பர் ஓரம் கிழிஞ்சு பெட்டி மெஷினோட உள்சுவர்ல இடிச்சிருக்கு, அதான் உறுமல். நீங்க அதைச் சுவரோடயே சேர்த்து ஒட்டிட்டீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். "மெஷின் போனாப் போகுதும்மா. பிள்ளை காது?" என்றார். மாட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் பசையைச் சுரண்ட உட்கார்ந்தாள்.

புது ரப்பர் போட்டு, மனைவிதான் மாட்டிவிட்டாள். கூப்பிடச் சொல்லி அவருக்குச் சைகை காட்டினாள். அவர் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார்.

"குட்டிம்மா."

திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்.

பிள்ளை திரும்பாமலே மெஷினை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"கேக்குதுப்பா. கொட்டாப்புளியும் கேட்டுச்சு. நீ இதைத் தொடாத."

ஆப்புக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார்.