லிப்ட்டைத் தொடக் கூடாத மெக்கானிக்

பதினெட்டு வருடமாக லிப்ட் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் பியூஸ். மனிதர் தங்கம்தான்; கோபம் வந்தால் மட்டும் பியூஸ் மாதிரி சட்டென்று போய்விடுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் போனது. ஒரு கட்டடத்து லிப்ட்டில் பிரேக் தேய்ந்திருந்தது. "மாத்தாம ஓட்டக் கூடாது சார்" என்றார். கம்பெனி மேலாளரோ எல்லோர் முன்னாலும், "பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து லிப்ட்டில் ஏறினார். பியூஸ் அதன் மெயின் சுவிட்சை அணைத்தார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மேலாளர்; கீழே பெஞ்சில் காலாட்டிக்கொண்டு இவர். இரண்டு மணி நேரம்! வேறெந்தத் தொழில்காரனுக்கும் இந்தக் கிறுக்குத்தனம் தோன்றியிருக்காது.

ஆளை அடைத்து வைத்ததாக வழக்கு வந்தது. ஆமாம், செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை எந்த லிப்ட்டிலும் கை வைக்கக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. மீறினால் நேரே உள்ளே.

முதல் குற்றம் என்பதால் ஒரு வழி இருந்தது. நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை கொடுப்பார். அது சாதகமாக இருந்தால் சிறை கிடையாது, கண்காணிப்போடு வீட்டிலேயே இருக்கலாம். அந்த அம்மாள் வீட்டுக்கு வந்தார், வேலையிடத்துக்குப் போனார், எல்லோரிடமும் துருவித் துருவிக் கேட்டார். என்ன எழுதினார் என்று மட்டும் மூச்சு விடவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. பத்தரைக்குக் கோர்ட்டின் ஆறாவது மாடியில் கூப்பிடுவார்கள். பத்து மணிக்கு, அறிக்கையோடு அலுவலர் ஏறிய லிப்ட் பாதியில் நின்றுவிட்டது! இந்தக் கூத்துக்குச் சிரிப்பதா, அழுவதா? வராந்தாவில் இருந்த அத்தனை கண்ணும் பியூஸ் மேல் திரும்பியது.

"நான் இல்லீங்க! சத்தியமா நான் இல்ல!"

லிப்ட் கம்பெனி ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் காவலாளி. உள்ளேயிருந்து அலுவலரின் குரல் நடுங்கியது. "மூச்சு முட்டுதுங்க, யாராவது வாங்க!" மேலாளரும் இப்படித்தானே கூப்பிட்டிருப்பார் என்று பியூஸுக்கு அப்போதுதான் உறைத்தது. கை பரபரத்தது. தொட்டால் ஜெயில்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மொட்டை மாடி மெஷின் அறைக்கு ஓடினார். பின்னாலேயே காவலாளியும், கூட வந்திருந்த மனைவியும்.

"அண்ணே, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க! அந்தக் கம்பியை அழுத்தினா பிரேக் விடும். நீ சக்கரத்தைப் புடி. மெதுவா, இடப்பக்கம்!"

"வீட்டுல ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொட விட்டிருக்கீங்களா? இப்ப லிப்ட்டையே சுத்தச் சொல்றீங்க!" திட்டிக்கொண்டே மனைவி சுற்றினாள்.

"பேசாம சுத்துடி! கயித்துல மஞ்சக் கோடு வருது பாரு, லிப்ட் மாடிக்கு நேரா வந்துருச்சு. அவ்வளவுதான், நிறுத்து! அண்ணே, கம்பியை விட்டுருங்க!"

காவலாளி கீழே ஓடிச் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். அறிக்கையை நெஞ்சோடு அணைத்தபடி அலுவலர் வெளியே வந்தார். வராந்தாவே கை தட்டியது.

பத்தரைக்குக் கோர்ட் கூடியது; நீதிபதி அசையவில்லை. "லிப்ட் கதை என் காதுக்கும் வந்தது. அதுக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. இந்த அறிக்கை நேத்தே கையெழுத்தானது." பிறகு வாசித்தார். சிறை இல்லை. ஒரு வருடம் கண்காணிப்பு, மாதம் ஒருமுறை அலுவலர் முன்னால் வந்து நிற்க வேண்டும். மனைவி வாய்விட்டு அழுதாள். பியூஸுக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

நீதிபதி இன்னும் முடிக்கவில்லை. "பாதிக்கப்பட்டவர் ஏழு மாதமாக எந்த லிப்ட்டிலும் ஏறவில்லை. ஒன்பதாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குத் தினமும் படியேறிப் போகிறார்."

அறுபதை நெருங்கும் மனிதர். பியூஸின் சந்தோஷம் பாதியில் நின்றது.

வெளியே, தீர்ப்பைக் கேட்க வந்திருந்த மேலாளர் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கத் தொடங்கியிருந்தார். பியூஸ் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்.

"மன்னிச்சிருங்க சார். பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

மேலாளர் கைப்பிடியை விடாமல் இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மாடி சேர்ந்தே இறங்கினார்கள். மூன்றாவதில் மேலாளர் மூச்சு வாங்க நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வா. லிப்ட்டுல என்கூட நில்லு," என்றார். "முதல் நாள் கதவை மூட வேண்டாம்."