வில்மாவின் கட்டைவிரல்

வில்மா லத்வாலாவுக்குக் கணவன், நாய், வாய் மூன்றும் உண்டு. மூன்றில் அவள் சொன்ன பேச்சைக் கேட்காதது வாய்தான். அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் மாவட்ட ஆவண அலுவலகத்தின் அடித்தள அறையில் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை: ஸ்கேனர் எந்தத் தாளை விழுங்கலாம், எதை விழுங்கக் கூடாது என்று முடிவு செய்வது. தாளில் குத்திய பின்னைப் பிடுங்குவாள், மடிந்த மூலையை நீவுவாள். டேப் ஒட்டியதையும் மெல்லிய கார்பன் காப்பியையும் தனியே பிரித்துக் கண்ணாடிமேல் வைத்துப் படமெடுப்பாள். ஒட்டுச்சீட்டின் பசை துளி உள்ளே பட்டால் போதும், அடுத்த நூறு பக்கத்திலும் ஒரு கோடு விழும். அப்படி விழுந்த நாளில் அவள் பக்கத்தில் யாரும் போவதில்லை.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் ஏரிக்குப் போகும் பாதையை, புதிதாக நிலம் வாங்கிய ஒருவர் அடைத்து, அது தன் சொந்தம் என்று வழக்கும் போட்டுவிட்டார். பாதை ஊருக்கு எழுதிக் கொடுத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதிய காகிதம்தான் யாரிடமும் இல்லை. முந்தின நாள் ஊர் மன்றத்துப் பரணில் இரண்டு பெட்டி பழைய தாள்கள் கிடைத்தன. பிற்பகல் மூன்று மணிக்குள் ஆதாரம் நீதிமன்றம் சேராவிட்டால் பாதை போயிற்று. உறைந்த ஏரியில் மீன் பிடிக்க வில்மா ஜனவரிதோறும் போடும் குடிசையும் அதோடு போயிற்று.

மேனேஜர் கோர்டி பெல்டோ அவளோடு பள்ளியில் படித்தவன்.

"மணி ஒண்ணாச்சு. எல்லாத்தையும் அப்படியே உள்ள தள்ளு வில்மா."

"தள்ளலாம். அப்புறம் மிஷின் வாய்க்குள்ள கைய விட்டுச் சுக்கல் சுக்கலா நீதான் எடுக்கணும், மேனேஜரே."

"ரெண்டு தாள் சேர்ந்து போனா கத்துமே, அந்த மணிய நிறுத்திட்டேன். பழைய தாளப் பாத்தாலே கத்துது."

"பரிட்சையன்னிக்குக் கடிகாரத்த நிறுத்துனவன்தானே நீ."

வாய் பேசினாலும் கை நிற்கவில்லை. முதல் பெட்டி முடிந்தது. இரண்டாவதின் அடியில் ஒரு தாள் கட்டைவிரலுக்கு உறுத்தியது. பார்வைக்கு ஒன்றுதான்: பாலம் பழுது பார்ப்பது பற்றிய கூட்டக் குறிப்பு. ஆனால் கனம் சரியில்லை.

"மணி ரெண்டரை," என்றான் கோர்டி. "அத விட்டுத் தொலையேன்."

"இது ஒண்ணு இல்லடா. ரெண்டு."

வில்மா மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை எடுத்துத் துடைத்தாள். ஈரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த ஓரத்தில் மெதுவாக நுழைத்தாள். பின்தாள் முழுசாகப் பிரிந்து வந்தது: கையெழுத்து, சாட்சி, முத்திரை.

கோர்டி குனிந்து படித்தான். "'ஏரிக்குப் போற பாதை, இந்த ஊர்ல எப்பவும் யார் குடியிருந்தாலும் அவங்களுக்கு.'"

கண்ணாடிமேல் வைத்து, மூடியை இறக்கி, இரண்டு நாற்பத்தேழுக்கு அனுப்பினார்கள். நான்கு மணிக்கு ஊர்த்தரப்பு வக்கீல் கூப்பிட்டார். எதிர்த்தரப்பு வழக்கை விட்டுவிட்டதாம். வில்மா கோர்டியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சந்தோஷத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"யார் குடியிருந்தாலும்னா, வழிய அடைச்சவனும்தானே?" என்றான் கோர்டி.

வில்மா வெண்ணெய்க் கத்தியைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

"அவனும்தான். ஜனவரியில வரச் சொல்லு. தூண்டில் நான் தர்றேன்."