இரண்டாவது குண்டு

பக்கத்து வீட்டு அம்மாள் துப்பாக்கியோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் செய்த முதல் காரியம், என் மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

எண்பதுகளின் நடுவில், டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருந்தோம். சுற்றிலும் நெல் வயல், நடுவில் புதிதாக முளைத்த எங்கள் தெரு. எண்ணெய் விலை விழுந்து, என் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் ‘அடுத்து யார்’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். துப்பாக்கியைப் பார்த்ததும், இவ்வளவு நேரடியாகவா வேலையை விட்டு எடுப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது.

அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் போன பிறகு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. அவருடைய ஆங்கிலத்தை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

“நாளைக்கு எங்க கல்யாண நாள். ஒவ்வொரு வருஷமும் காலையில அவரோட அண்ணன் வயலுக்குப் போவோம். வேலி மேல ரெண்டு காலி டின் வெப்போம். அவர் ஒண்ண சுட்டுட்டு துப்பாக்கிய அப்படியே என் கையில குடுப்பார். நான் அடுத்தத சுடுவேன். அவ்வளவுதான் எங்க கொண்டாட்டம்.”

அது கணவர் பையனாக இருந்தபோது வாங்கிய பழைய துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே உள்ளே வைத்துக்கொள்ளும். போன வருடம் அம்மாள் தனியாகப் போய் இரண்டு குண்டையும் தானே சுடப் பார்த்திருக்கிறார். முதலாவது போனது. காலித் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொள்ள, இரண்டாவது வரவே இல்லை.

“அவர் சுட்டுட்டார். என் முறை வரல” என்றார் அம்மாள். கடையில் காட்டினால், பழசு, சுவரில் மாட்டி வையுங்கள் என்றார்களாம். “நீங்க என்ஜினியர்தானே?”

“மெக்கானிக்கல்” என்றாள் என் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே.

படித்தது உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கல் எல்லாம் பேப்பரில் கோடு போடுவது. மிக்ஸி நின்றுபோனால் திறப்பது அவள்தான். நான் டார்ச் பிடிப்பேன்.

உள்ளே தோட்டா இல்லை என்று அம்மாள் திறந்து, விரலை விட்டும் காட்டினார். தோட்டா டப்பாவைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சமையலறை மேஜையில் வேலையை ஆரம்பித்தோம். முதல் ஸ்க்ரூவைக் கழற்றி நான் சட்டைப் பையில் போடப் போனேன்.

“அங்க போடாதீங்க. மிக்ஸிய நீங்க கழட்டின லட்சணம் எனக்குத் தெரியும்” என்று சொல்லி இட்லித் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனோம். திருப்பிப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். நாலு வருடம் காலேஜில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

உள்ளே பழைய எண்ணெய் பிசினாகி, தூசியோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கிற சின்னக் கொக்கி அந்தப் பிசினில் புதைந்து அசைய முடியாமல் கிடந்தது.

“சளி பிடிச்ச கொழந்த மூக்கு மாதிரி இருக்கு, பாவம்” என்று என் மனைவி மண்ணெண்ணெயில் பழைய டூத் பிரஷைத் தோய்த்துத் துடைத்தாள்.

பூட்டும்போது ஒரு ஸ்பிரிங் என் விரலிலிருந்து துள்ளி எங்கேயோ போய்விட்டது. இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்தோம்.

“அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“எனக்கு வேல போயிடுச்சுன்னு சொல்றேன். பரிதாபப்பட்டு விட்டுருவாங்க.”

“வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. நெஜமாவே போயிடப் போவுது.” சொல்லிக்கொண்டே எழுந்தவளின் புடவைக் கொசுவத்திலிருந்து ஸ்பிரிங் தரையில் விழுந்தது.

சாயங்காலம் பூட்டி முடித்தோம். தோட்டாவைத் தள்ளுகிற பாகத்தை இழுத்து விட்டால் ‘டக்’ என்று போய் உட்கார்ந்தது. அம்மாள் வந்து பார்த்து, “எல்லாம் நீங்களேவா?” என்று கேட்டார். “நானேதான்” என்றேன். என் மனைவி இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் வயலுக்குப் போனோம். வடக்கிலிருந்து காற்று ஊசியாகக் குத்தியது. அம்மாள் குறி பார்த்துச் சுட்டார். டின் விழுந்தது. காலித் தோட்டாவும் ஒழுங்காக வெளியே வந்து விழுந்தது. ஆனால் அதைத் தள்ளிவிட்டுத் திரும்பி வரவேண்டிய பாகம் பாதி வழியில், யோசிப்பதுபோல் நின்றுவிட்டது.

“பரவால்ல. ட்ரை பண்ணீங்களே, அதுவே போதும்” என்றார் அம்மாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

என் மனைவி குனிந்து துப்பாக்கியை மோந்து பார்த்தாள். என் கோட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “என்னங்க… நேத்து நீங்க குளிக்கப் போனப்போ, காஞ்சு கெடக்கேன்னு கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.”

“என்ன எண்ணெய்?”

“நம்ம வீட்ல வேற என்ன இருக்கு? தேங்கா எண்ணெய்தான். அடுப்பாண்ட வெச்சு உருக்கித்தான் விட்டேன்.”

குளிர்காலத்தில் எங்கள் பாத்ரூம் பாட்டிலில் அது மெழுகு மாதிரி உறைந்து நிற்கும். வெந்நீரில் காட்டித்தான் தலைக்குத் தேய்ப்போம். துப்பாக்கிக்குள்ளும் அதுவேதான் நடந்திருந்தது.

எல்லாம் நானே என்று முந்தின நாள் சொல்லியாகிவிட்டது. அதனால் எண்ணெயும் நானே. அம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

“ஹேர் ஆயிலா?”

“ஆமா. நாங்க தலைக்குப் போடுவோம்.”

அம்மாள் என் வழுக்கையை நிதானமாகப் பார்த்தார். “ஓ. அதனாலதானா?”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்கென்னவோ நிம்மதியாக இருந்தது. அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் காருக்குள் ஹீட்டர் காற்றில் காட்டினோம். உருகி வந்ததை என் மனைவி முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இழுத்து விட்டோம். போய் உட்கார்ந்தது.

“முதல்லேர்ந்து” என்றார் அம்மாள். நான் ஓடிப்போய் டின்களை வைத்துவிட்டு வந்தேன்.

முதல் குண்டு. டின் விழுந்தது. இந்த முறை உள்ளே எல்லாம் போய்த் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் அம்மாள் சுடவில்லை. துப்பாக்கியை இறக்கவும் இல்லை. மறுபடியும் கோளாறோ என்று நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சும்மா இருங்க. அவங்க முற. மெதுவா எடுத்துக்கட்டும்.”

நின்றோம். சுட்டுவிட்டால் இந்த வருடத்துக்கு முடிந்துவிடும் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பிறகு சுட்டார். குண்டு டின்னுக்கு வெகுதூரம் தள்ளி மண்ணைக் கிளப்பியது.

“அவர் இருந்திருந்தா இப்போ விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்” என்று அம்மாளே சிரித்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. என் மனைவி போய், முந்தானையில் எண்ணெய் படாத பக்கமாகப் பார்த்துத் துடைத்துவிட்டாள்.