இட்லிக்காரர் வாங்கிய வேன்

மகாராஷ்டிரத்து நிக்டியில் எங்கள் குடியிருப்புக்குப் பால் போடுகிறவருக்கு எழுபது வயது இருக்கும். அவர் என்னை "அண்ணா" என்கிறார். இந்த ஊரில் தெற்கிலிருந்து வந்த ஆண்பிள்ளை எல்லோரும் அண்ணாதான். வயதுக்கு அதில் வேலையில்லை. அண்ணா என்றால் இட்லி விற்கிறவர் என்பதும் பாதிப்பேர் முடிவு. நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். பத்தாவது முடித்துவிட்டு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. கூச்சத்தால் இதை யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாததால்தான் எங்களுக்குச் சரியான வண்டி கிடைத்தது.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு என் மனைவி கஸ்தூரிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலிதான். கைகளில் நல்ல பலம். குறுக்கே ஒரு பலகையை வைத்தால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே நகர்ந்துகொள்வாள். அந்த நிலையில் ஒரே ஒருமுறை ரயிலில் குடியாத்தம் புறப்பட்டோம். வண்டி மாறும் நிலையத்தில் நான்கு போர்ட்டர்கள் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மேம்பாலத்தில் தூக்கிப்போனார்கள். மூச்சு வாங்க நடுப்பாலத்தில் இறக்கியபோது, அந்தப் பக்கமாகப் போன ஒரு அம்மாள் அவள் கையில் இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போனார். கஸ்தூரி பட்டுப்புடவையில் இருந்தாள். அப்புறம் ஐந்து வருடம் ஊர்ப்பேச்சே எடுக்கவில்லை.

பிறகு அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று போன் வந்தது. ஒருநாள் முழுக்க யோசித்தாள்.

"போலாம். ஆனா யாரும் என்னைத் தூக்கக் கூடாது. நீங்களுந்தான்."

பெங்களூர் வழியாக ஆயிரம் கிலோமீட்டர். பழைய கார் ஒன்று வாங்குவதென்று முடிவானது. பக்கத்துப் பிளாக் செல்வராஜ், "கேஸ் கிட் போட்டுடுங்கண்ணே, மைலேஜ் பிச்சுக்கும்" என்றார். கேஸ் போட்டால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும், நாற்காலியை எங்கே வைப்பது என்று கேட்டேன். அதற்குப் பிறகும் மைலேஜ் பற்றியே பேசினார்.

சிஞ்ச்வடில் பழைய வண்டி விற்கும் கடைக்கு மூன்று ஞாயிறு போனேன். மற்றவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். நான் டேப்பை எடுத்து டிக்கியையும் பின்கதவையும் அளந்தேன். எல்லாக் காரிலும் திறந்த கதவு குறுக்கே நின்றது. நாற்காலியை சீட்டோடு ஒட்டி நிறுத்த முடியாது. மூன்றாவது ஞாயிறு கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"க்யா ரக்னா ஹை, அண்ணா? இட்லி கா தந்தா?" என்ன ஏற்றப்போகிறாய், இட்லி வியாபாரமா என்றார்.

இல்லை என்றால் முழு விஷயத்தையும் இந்தியில் சொல்ல வேண்டும், நடுப்பாலம் உட்பட. "ஹான்" என்றேன்.

முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போனார். அங்கே ஒரு வெள்ளை வேன். அதன் பக்கக் கதவு வெளியே விரியாமல் பின்னால் சறுக்கிப் போனது. இட்லிப் பானையை நேராக உள்ளே தள்ளலாம் என்று வெறுங்கையால் தள்ளிக் காட்டினார். சீட் மட்டும் நாற்காலியைவிட ஏழு அங்குலம் உயரம். வேனை வாங்கிவந்து, பேக்கிங் மரத்தில் ஏழு அங்குல மேடையும் அதில் ஏற ஒரு சாய்வுப் பலகையும் அடித்தேன். கஸ்தூரி தானே ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"நல்லாத்தான் கீது. இட்லி எங்க?" என்றாள்.

மேடையையும் பலகையையும் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஹூப்ளிக்கு அருகே ஒரு டீக்கடை முன்னால் மேடையை இறக்கியதும் கடைக்காரர் கன்னடத்தில் சத்தம் போட்டார். இங்கே கடை போடாதே என்கிறார் என்று கைவீச்சிலேயே புரிந்தது. கஸ்தூரி இறங்கிவந்ததைப் பார்த்ததும் அவரே டீ கொண்டுவந்தார்.

மறுநாள் குடியாத்தம் மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் பார்த்தேன். பதினோரு படி. ஒரு மாதமாகக் காரை அளந்தவன், மண்டபத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே மச்சானுக்குப் பக்கத்தில் நான்கு வாலிபர்கள் தயாராக நின்றார்கள். எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வண்டியத் திருப்புங்க" என்றாள் கஸ்தூரி.

அதற்குள் காவல்காரர் ஓடிவந்தார். மகாராஷ்டிர நம்பரைப் பார்த்தார், கூரையில் பலகைகளைப் பார்த்தார். "சமையல்? பீச்சே, பீச்சே!" என்று பின்பக்கம் கைகாட்டினார். நான் பிறந்த தெரு அங்கிருந்து நடக்கிற தூரம். "அச்சா" என்றேன்.

பின்பக்கம் படியே இல்லை. அண்டா வண்டிகள் ஏறுவதற்கு அகலமாக ஒரு சிமெண்ட் சரிவு இருந்தது. கஸ்தூரி சக்கரத்தைத் தானே உருட்டி ஏறினாள். "யம்மா, பாத்து, தரையில எண்ண கீது" என்று சமையல்காரர் ஒருவர் சாம்பார் அண்டாவை நகர்த்தி வழிவிட்டார். அவள் மணமேடைக்குப் பக்கத்தில் போய் நாற்காலியை நிறுத்தியபோது மச்சானும் வாலிபர்களும் இன்னும் வாசலில்தான் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது, காய்கறி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வேனைப் பின்னால் எடுக்கக் காவல்காரர் உதவினார். வண்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்றார். கஸ்தூரி பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் என் சொந்த ஊர்த் தெருவில், அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.