பழைய எண் 17

இந்தப் பயணத்தில் நடந்த எதையும் கூட்டாமல், குறைக்காமல் எழுதப்போகிறேன். அப்பா தப்பு செய்த இடத்தையும்தான். அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. யாருக்காவது உதவும்" என்றார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அம்மா பிறந்த வீட்டைத் தேடி நானும் அப்பாவும் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனோம்.

அம்மா போன ஜூலையில் இறந்துவிட்டாள். அவள் பெயர் ஸ்டெல்லா. திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவின் குடும்பம் ஸ்ரீரங்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில். அம்மா வீட்டில் சம்மதிக்காமலேயே பதினாறு வருடத்துக்கு முன் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் பிறந்ததும், அந்தச் செய்தியைச் சொல்ல அப்பா மட்டும் இனிப்பு வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அவர் அதுவரை பார்க்காத வீடு. அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்: கதவு எண் 17, கிணற்றடிச் சந்து.

கதவைத் திறந்தவர்கள், "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்றார்களாம். அப்பா திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். தன் அப்பாதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார், தன்னை மகளே இல்லை என்றுவிட்டார் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை, எங்களையும் போக விடவில்லை. மதுரைக்குப் போகும்போது ரயில் திருச்சியில் நின்றால் ஜன்னலை இறக்கிவிடுவாள்.

எனக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. அம்மா இறந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொன்னவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

ரயில் காலை 4.50-க்கு ஸ்ரீரங்கம் வந்தது. தங்கியது உத்திர வீதியில் அத்தை வீட்டில், அதாவது அப்பாவின் அக்கா; பள்ளியில் டீச்சர். வாசலில் சின்னத் தகடு ஒன்றில் "பழைய எண் 46, புதிய எண் 91" என்று இருந்தது. எதைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரியும் என்று அத்தையிடம் கேட்டேன்.

"ரெண்டும் வேண்டாம். டீச்சர் ஆத்துக்குப் போகணும்னு சொல்லு, எந்தக் கோடியிலேர்ந்தும் கொண்டுவந்து விட்டுடுவா. இங்க நம்பரைப் பாத்துண்டு வரவன் கொரியர்காரன் ஒருத்தன்தான். அவனும் தப்பா எதிராத்துல குடுத்துட்டுப் போயிடுவான்."

அப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

9.10-க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அப்பாவுக்குப் பத்து ரூபாய். காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அங்கிருந்து ஆட்டோ. நூறு ரூபாய் கேட்டவர் எண்பதுக்கு வந்தார்.

"கெணத்தடிச் சந்தா? அது இப்ப இல்லைங்களே" என்றார் டிரைவர். "பாலம் கட்டுனப்பவே போயிருச்சு."

"மேப்ல காட்டுதே அண்ணா?"

"மேப்புக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லல போலருக்கு பாப்பா."

இறங்கிய இடத்தில் ஒரு மேம்பாலம், அதன் கீழ் வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு நடுவே பைக்குகள், பழைய டயர்கள், ஒரு கரும்புச்சாறு வண்டி. சந்தின் முனையில் நான்கு வீடுகள் மட்டும் மிச்சம். நான்காவது வீட்டின் பக்கச் சுவரில், இடித்த அடுத்த வீட்டின் நீல வண்ணமும் ஒரு அலமாரிக் குழியும் அப்படியே இருந்தன. அந்த வீட்டு வாசலில் எழுதியிருந்தது: ப.எண் 9, பு.எண் 17.

அப்பா நின்றுவிட்டார். "இதே பச்சை கேட்தான்" என்றார்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா கேட்டைத் திறந்தார். உள்ளே முறுக்கு சுடும் வாசனை. ஸ்டெல்லாவின் வீட்டைத் தேடி வந்தோம் என்று அப்பா சொன்னார்.

"ஸ்டெல்லாவா? பழைய பதினேழு வீட்டுப் பொண்ணுல்ல! அது இது இல்லைங்க. இது பழைய ஒம்பது. அவங்க வீடு இன்னும் எட்டு வீடு தள்ளி, அந்தா மூணாவது தூண் நிக்குது பாருங்க, அங்க இருந்துச்சு."

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்து கேட்டேங்க. அப்படி யாரும் இல்லைன்னு சொன்னாங்க" என்றார் அப்பா. அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

"நாந்தான் சொல்லிருப்பேன். நாங்க குடிவந்த புதுசு, பக்கத்து வீட்டு ஆளுங்க பேர்கூடத் தெரியாது. நம்பரை வேற அப்பதான் மாத்தி எழுதிட்டுப் போனாங்க. தெனம் நாலு பேர் வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவேன்." பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "ஏங்க, என்னாச்சு?" என்றார்.

நான் பார்க்க வந்த ஆள் இவர்தான். இவருக்கு அப்பாவை நினைவே இல்லை. இவர்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி ஜெரால்டு இப்போது காட்டூரில் இருப்பதாகச் சொல்லி, உடனே போன் போட்டார். "தம்பி, ஸ்டெல்லா வீட்டுலேர்ந்து வந்துருக்காங்கப்பா! ஆமாப்பா, நெசமாத்தான்!" நாங்கள் இன்னும் அம்மா இறந்ததைச் சொல்லியிருக்கவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா எனக்குக் கையைக் காட்டினார்.

கிளம்பும்முன் பச்சை கேட்டிலிருந்து மூன்றாவது தூண்வரை நடந்து பார்த்தேன். அறுபத்தெட்டுக் காலடி. அப்பா என்னுடன் வரவில்லை. "அடுத்த வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவருக்கு வீட்டு நம்பர் இரண்டு வகைப்படும் என்று தோன்றவில்லை. ஆளைச் சொல்லிக் கேட்கப் பழகியவர், அன்று பயத்தில் நம்பரை நம்பிவிட்டார்.

மாமா வேலை முடிந்து ஐந்தரைக்குத்தான் வீட்டுக்கு வருவார் என்பதால் ஜங்ஷன் பக்கம் சாப்பிட்டுவிட்டு, தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸில் போனோம். சுமார் எட்டு கிலோமீட்டர். இன்னும் இருட்டவில்லை. அதற்குள் ஒரு வீட்டில் மட்டும் மாடியில் பெரிய காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் முழுக்க சீரியல் பல்பு. மாமா கேட்டிலேயே நின்றார். அம்மாவின் மூக்கு அவருக்கு.

"வாங்க மச்சான், வாம்மா. எங்க அவ? பின்னாடி ஆட்டோவுல வராளா?" என்று தெருவை எட்டிப் பார்த்தார். "இன்னும் கோவமாக்கும்! நான் வந்து கையப் புடிச்சு இழுத்தாத்தான் மகாராணி உள்ள வருவா."

அப்பா என்னைப் பார்த்தார். ரயிலில் வரும்போதே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நீளமான வாக்கியம். அதில் பாதிகூட வரவில்லை. "அம்மா ஜூலைல இறந்துட்டாங்க மாமா" என்றேன்.

ஹாலில் தாத்தாவின் படம், பிளாஸ்டிக் மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் போட்டிருந்தது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறதாம். அதற்குப் பக்கத்தில் கல்லூரிப் புடவையில் அம்மா. மாலை இல்லை. "மொதல்ல ரெண்டு வருஷம் அப்பா அவ பேரைச் சொல்ல விடல. அப்புறம் அவரேதான் இந்தப் படத்தை மாட்டுனாரு. சென்னையில எங்கன்னு தேடுறது? வந்தா வரட்டும்னு கதவப் பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றார் மாமா.

என்னைப் போலத் தேடிப் போகிறவர்களுக்கு: பழைய கடிதத்தில் இருக்கும் எண் எந்த வருடத்து எண் என்று முதலில் பாருங்கள். நம்பரோடு ஆளின் பெயரையும் சொல்லி மூன்று வீட்டிலாவது கேளுங்கள். தெரு போயிருந்தாலும் முனையில் யாராவது மிச்சம் இருப்பார்கள். ஒருவர் இல்லை என்றால், யார் இல்லை, எங்கே இல்லை என்று திருப்பிக் கேளுங்கள். பகலில் போங்கள். சீக்கிரம் போங்கள்.

ஒன்று எழுதாமல் விட்டுவிட்டேன். நான் சொன்னதைக் கேட்டு மாமா வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, என்ன செய்வது என்று மாடியைப் பார்த்தார். மாமா எழுந்தார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு போயிருக்கா. இந்த வருஷம் நமக்கு ஸ்டார் கெடையாது" என்றார்.

அப்போது மணி 6.40. முதலில் சீரியல் பல்பு, பிறகு நட்சத்திரம். விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.